செக்கு எண்ணெயா, ரீஃபைண்டு எண்ணெயா?

வட ஆர்க்காட்டில் மானாவாரியாக விளையும் வேர்க்கடலைதான் எங்கள் சமையலுக்கு நெடுங்காலமாக எண்ணெய் தந்து வருகிறது என்பதால், வேலூர்க் கடைகளில் செக்கு எண்ணெயும் ரீஃபைண்டு எண்ணெயும் அருகருகே இருக்கும்போது, எதை வாங்குவது என்ற கேள்வியை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ரீஃபைண்டு எண்ணெய் எரிசோடா போன்ற காரத்தால் சுத்திகரிக்கப்பட்டு, நிறம் நீக்கப்பட்டு, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி வாசனையும் அகற்றப்படுகிறது. அதனால் அது நெடுநாள் கெடாது, அதிகச் சூட்டையும் தாங்கும். ஆனால் மணமும் வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதியும் போய்விடுகின்றன.

செக்கு எண்ணெயில் இந்த வேலைகள் எதுவும் இல்லை. ஆட்டி வந்த எண்ணெயைத் தூக்கில் ஊற்றி இரண்டு நாள் அசைக்காமல் வைத்தால், அடியில் மண்டி படிந்து மேலே பொன்னிறமாகத் தெளியும். இட்லிப் பொடியில் குழைக்கும்போது பச்சைக் கடலையின் மணம் எழும்.

எனினும் ஒரு எச்சரிக்கை அவசியம். பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சைச் சுத்திகரிப்பு பெருமளவு நீக்கிவிடும். செக்கோ அதில் ஒரு பங்கை எண்ணெயிலேயே விட்டுவிடும். ஆகவே சுருங்கிய, கறுத்த பருப்பைப் பொறுக்கி நீக்கிய பிறகே ஆட்டக் கொடுக்க வேண்டும். செக்கு எண்ணெய் என்பதாலேயே அது இயற்கை வேளாண்மைப் பொருளாகிவிடாது. அதற்கு ஜைவிக் பாரத் என்னும் அரசுச் சான்று முத்திரையைப் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு தேவைப்படுவதால், மிக மலிவாகக் கிடைக்கும் செக்கு எண்ணெயை நான் வாங்குவதில்லை. தாளிப்புக்கும் பொடிக்கும் செக்கு எண்ணெய், தீபாவளி முறுக்குக்கு மட்டும் ரீஃபைண்டு என்பதே எங்கள் வீட்டு வழக்கம்.