கிரவுனா, கியூ 50 பென்ஸா, சாவரினா? பிரிட்டிஷ் நினைவு நாணயங்களில் எதற்கு உண்மையில் மதிப்பு

பிரிட்டிஷ் நாணயம் சேர்க்க ஆரம்பிப்பவர் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் 1965-ஆம் ஆண்டின் சர்ச்சில் கிரவுன்தான். கிரவுன் என்பது விசேஷ நிகழ்வுகளுக்காக அடிக்கும் பெரிய நாணயம். 38 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், 28 கிராம் கனம். ஒரு பக்கம் இளவயது எலிசபெத், மறுபக்கம் ஆஸ்கர் நெமன் வடித்த சர்ச்சில். மன்னராட்சியை நீக்கிவிட்டு ஆண்ட கிராம்வெல்லை விட்டால், முடிசூடாத ஒருவருக்கு பிரிட்டிஷ் நாணயத்தில் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! கையில் வைத்தால் பொக்கிஷம் போலத்தான் தெரியும். ஆனால் அடித்தது 1 கோடியே 96 லட்சம். வாங்கியவர்களும் செலவழிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டார்கள். அப்புறம் தட்டுப்பாடு எங்கிருந்து வரும்? இன்றும் அது ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கிறது.

1977-இல் ராணியின் வெள்ளி விழாவுக்கு வந்த கிரவுன், 1981-இன் சார்லஸ்–டயானா திருமணக் கிரவுன் இரண்டுக்கும் இதே கதைதான். முன்னது மூன்றரைக் கோடிக்கும் மேல், பின்னது இரண்டரைக் கோடிக்கும் மேல். இரண்டும் செம்பு-நிக்கல் கலவை. முக மதிப்பு 25 பென்ஸ், அதுவும் நாணயத்தில் எழுதப்பட்டிருக்காது. 1990 முதல் வந்த கிரவுன்களுக்கு முக மதிப்பு 5 பவுண்டு. அளவு மட்டும் பழையதேதான். ஆகவே பழைய கிரவுனை 5 பவுண்டு என்று நினைத்துக்கொண்டு விலை பேசாதீர்கள்.

கிரவுன்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் 1935-க்குப் போங்கள். ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவுக்கு அடித்தது, சுமார் 7 லட்சத்து 15 ஆயிரம்தான். பெர்சி மெட்கால்ஃப் வடிவமைத்த புனித ஜார்ஜும் (மன்னர் இல்லை, கதைகளில் டிராகனைக் கொல்லும் வீரர்) அவர் குதிரையும் விறைப்பான கோடுகளாக, அந்தக் காலத்துச் சுவரொட்டி ஓவியம் போல இருக்கும். மரத்தில் செய்த ஆடுகுதிரை மாதிரி இருக்கிறது என்று அப்போது கிண்டல் செய்தார்கள்; அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து 20-ஆம் நூற்றாண்டின் மிகத் துணிச்சலான பிரிட்டிஷ் நாணயம் அதுதான். அதில் பாதி வெள்ளி, அதாவது 14 கிராம். 1947-இல் புழக்க நாணயங்களில் வெள்ளியே நின்றுபோனது. பின்னால் வந்த சாதாரணக் கிரவுன்கள் எதற்கும் இந்தப் பிடிமானம் கிடையாது.

அடுத்து புரூஃப் செட்டுகள். புரூஃப் என்பது ஒரு அடிக்கும் முறை, அவ்வளவுதான். மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய உலோக வில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட அடி. அதனால் தளம் கண்ணாடி போலவும் உருவம் பனி படர்ந்தது போலவும் தெரியும். அந்த அழகு உண்மையானது, ஆனால் அதனாலேயே நாணயம் அரிதாகிவிடாது. பழைய ஷில்லிங்–பென்ஸ் கணக்குக்கு விடைகொடுத்த 1970 செட் ஏழரை லட்சம் வெளிவந்தது, 1971-இன் முதல் தசம செட் மூன்றரை லட்சம். ஓர் இரவு உணவுச் செலவுக்கும் குறைவாக இரண்டையும் வாங்கிவிடலாம். வாங்கினால் துடைக்க மட்டும் துடைக்காதீர்கள். மெல்லிய துணி கூட அந்தத் தளத்தில் மயிரிழைக் கீறல் போட்டுவிடும். விலை அங்கேயே பாதியாகும்.

வெள்ளி புரூஃப் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. பிரிட்டனில் முதலீட்டுத் தங்கத்துக்கு வாட் வரி இல்லை, வெள்ளிக்கு 20 சதவீதம் உண்டு. புதிதாக வாங்கும் நாளிலேயே அந்தப் பணம் போய்விடுகிறது, பெட்டிக்கும் சான்றிதழுக்கும் கொடுத்தது தனி. இதைத் தாண்டி ஏறியவையும் இருக்கின்றன. 2019-இல் வந்த ‘உனாவும் சிங்கமும்’ அதற்குச் சாட்சி. வில்லியம் வயன் 1839-இல் செதுக்கிய, விக்டோரியா ராணியை உனா என்ற காவிய நாயகியாகச் சிங்கத்தோடு காட்டும், பிரிட்டனின் மிக அழகான நாணயம் என்று பலர் கொண்டாடும் வடிவத்தின் மறு வார்ப்பு அது. இரண்டு அவுன்ஸ் வெள்ளியில் 3,000 மட்டும். வெளியீட்டு விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறியது. அதைப் பார்த்துவிட்டு ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று எழுதியிருப்பதையெல்லாம் வாங்குகிறவர்களைக் கண்டால் மனசு கேட்பதில்லை. உனாவை ஏற்றியது 3,000 என்ற எண் மட்டுமில்லை, 180 ஆண்டுகளாக அந்த உருவத்தின் மேல் இருந்த ஆசையும்தான்.

பிரிட்டனின் அரசு நாணயச் சாலையான ராயல் மின்ட் 2013-இல் தொடங்கிய, 20 பவுண்டு முக மதிப்புள்ளதை 20 பவுண்டுக்கே விற்ற ‘20 பவுண்டுக்கு 20 பவுண்டு’ வெள்ளி நாணயத்தையும் சொல்லிவிடுகிறேன். போட்ட காசு எப்போதும் கைக்கு வரும் என்று நம்பிப் பலர் வாங்கினார்கள். சட்டப்படி செல்லும் நாணயம் என்றாலும் வங்கிகள் அதை வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உள்ளே அரை அவுன்ஸ் வெள்ளி. அன்றைய விலையில் சுமார் 7 பவுண்டு.

கியூ 50 பென்ஸ் இவை எல்லாவற்றுக்கும் நேர் எதிர். லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவின் 250-ஆம் ஆண்டுக்காக 2009-இல் 2 லட்சத்து 10 ஆயிரம் அடித்து, சாதாரணச் சில்லறையாகப் புழக்கத்தில் விட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. பால் வாங்கினார்கள், பார்க்கிங் இயந்திரத்தில் போட்டார்கள். புழக்கத்தில் இருப்பதிலேயே குறைவாக அடித்த 50 பென்ஸ் இதுதான் என்று 2014-இல் செய்தி வந்த பிறகுதான் ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். இப்போது தேய்ந்துபோன ஒன்றே 100 பவுண்டுக்கு மேல் போகிறது.

1992–93 என்று இரட்டை ஆண்டு பொறித்த ஐரோப்பியச் சமூக 50 பென்ஸ் அதைவிடக் குறைவு, 1 லட்சத்து 9 ஆயிரம்தான். ஆனாலும் கியூவை விட மலிவு. இது பழைய பெரிய அளவு; அந்த அளவு 50 பென்ஸ் எல்லாமே 1998-இல் செல்லாமல் போனதால் அது சில்லறையில் கிடைக்க வழியே இல்லை. பாக்கெட்டைத் துழாவும் லட்சக்கணக்கான பேர் அதைத் தேடுவதில்லை. 2023-இன் சால்மன் மீன் 50 பென்ஸ் 2 லட்சம்தான், எண்ணிக்கைக் குறைவில் கியூவையும் முந்தியது. ஆனால் அது வருவதற்கு முன்பே எல்லாரும் காத்திருந்தார்கள். கிடைத்த கையோடு பத்திரப்படுத்தியும் விட்டார்கள்.

கியூ வாங்கும்போது பூங்காவின் பகோடா கோபுரம் உள்ள பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2019-இல் அதே வடிவத்தை நினைவு செட்டுக்காக மறுபடி அடித்தார்கள். ராணியின் பக்கத்தைத் திருப்புங்கள். இயன் ராங்க்-பிராட்லி என்ற சிற்பி வடித்த ராணி உருவம் இருக்க வேண்டும். ஜோடி கிளார்க் வடித்த உருவம் இருந்தால் அது 2019. போலிகளும் நிறைய உலவுகின்றன. எடை 8 கிராமிலிருந்து அதிகம் விலகினால் தொடாதீர்கள்.

சேர்த்து வைத்த பணத்தைப் போடுவதாக இருந்தால் என் ஓட்டு சாவரின் என்ற தங்க நாணயத்துக்குத்தான். 7.988 கிராம், 22 காரட். நம் பவுன் கணக்கின் வேர் இதுதான். 1918-இல் பம்பாயிலும் இதை அடித்தார்கள். பிஸ்ட்ருச்சி என்ற சிற்பி 1817-இல் வடித்த புனித ஜார்ஜும் டிராகனும் இன்றைக்கும் அதில் வருகின்றன. விலை எவ்வளவு விழுந்தாலும் தங்கம் தாங்கிப் பிடிக்கும். பிரிட்டனில் வசிப்பவருக்கு விற்ற லாபத்தில் மூலதன ஆதாய வரியும் இல்லை.

இதிலும் புரூஃப் என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். 1980 புரூஃப் சாவரின் ஏராளமாக அடிக்கப்பட்டது, பெரும்பாலும் தங்க விலையை ஒட்டியே நிற்கும். அந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். 1989 வேறு ரகம். முதல் சாவரினின் 500-ஆம் ஆண்டுக்காக பெர்னார்ட் சிண்டால் வடித்தது. ராணி அரியணையில் நேர் முகமாக அமர்ந்திருப்பார், மறுபக்கம் டியூடர் ரோஜா. ஒரே ஒரு ஆண்டு மட்டும் வந்த வடிவம் என்பதால் தங்க விலைக்கு மேல் நன்றாகவே கேட்பார்கள், கொடுக்கலாம். ஆனால் கண்ணாடித் தளத்தை விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, கீறல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பெட்டியும் சான்றிதழும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.