பாளை பழைய சாமான் கடையும் ஆப்பிரிக்கா மெடலும்: பொருளுக்கு நாலு ஸ்டார், பேச்சுக்கு ஒண்ணு

மார்க்கெட்டுக்குப் பின்னால சந்துக்குள்ள இருக்கு கடை, பேரு வேண்டாம், பழைய காசு, பித்தளை, மரப்பெட்டின்னு குவிச்சு வச்சிருப்பாரு அண்ணாச்சி. நான் வாங்கினது ஆப்பிரிக்கா ஜெனரல் சர்வீஸ் மெடல், பிரிட்டிஷ் அரசாங்கம் பட்டாளத்துக்காரங்களுக்குக் குடுத்த, எட்வர்டு ராஜா தலை போட்ட வெள்ளி மெடல்.

எடுத்ததும் "தம்பி, இது போயர் யுத்தத்து மெடலாக்கும், காந்தி ஆம்புலன்ஸ்ல போனாருல்லா, அந்தச் சண்டை"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. அது தப்பு. தென்னாப்பிரிக்காவுல வெள்ளக்காரனும் டச்சு வம்சத்து போயர்களும் போட்ட அந்தப் போயர் சண்டைக்கு குயின்ஸ் சவுத் ஆப்பிரிக்கான்னு தனி மெடலே உண்டு. இது 1902-ல கொண்டு வந்தது, ஆப்பிரிக்காவுல அங்கங்க நடந்த சின்னச் சின்ன படையெடுப்புக்கெல்லாம் பொதுவா குடுத்தது, 1950கள்ல கென்யா வரைக்கும் ஓடிருக்கு. எந்தச் சண்டைன்னு தெரியணும்னா ரிப்பன் மேல உள்ள கிளாஸ்ப்ப பாக்கணும், அந்த வெள்ளிப் பட்டி இல்லாம இந்த மெடல குடுத்ததே கிடையாது. இதுல சோமாலிலாந்து 1902-04ன்னு பளிச்சுன்னு இருக்கு. அங்க வெள்ளக்காரன எதிர்த்துச் சண்டை போட்ட முகமது அப்துல்லா ஹசன்னு ஒருத்தர், வெள்ளக்காரன் 'பைத்தியக்கார முல்லா'ன்னு எழுதி வச்சான், அவரப் பிடிக்க இந்தியாவுல இருந்தும் பட்டாளம் கப்பல் ஏறிச்சு, மனுசன் சிக்கவே இல்ல, 1920 வரைக்கும் தண்ணி காட்டிட்டாரு, அந்த வருசத்துச் சண்டைக்கும் தனியா ஒரு கிளாஸ்ப் உண்டு பாத்துக்கிடுங்க.

சரி, சாமான் எப்படி? நான் மொதல்ல பாக்கது விளிம்பத்தான். லென்ஸ் வச்சுப் பாத்தா நம்பர், சிப்பாய், பேரு, ஒரு பஞ்சாபிப் பட்டாளம், எல்லாம் தேய்ஞ்சாலும் வாசிக்க முடியுது. டூப்ளிகேட்டுல பெரும்பாலும் அந்த எடம் மொட்டையா கெடக்கும். இது நம்ம ஊரு தாத்தா ஒருத்தர் வீட்டுச் சாமான்னு அண்ணாச்சி சத்தியமே பண்ணுதாரு, நான் ஒண்ணும் பேசல.

வயித்தெரிச்சல் என்னன்னா புளி போட்டு குத்துவிளக்கு வெளக்குத மாதிரி வெளக்கிட்டாங்க. பின்பக்கம் பிரிட்டானியாவும் (பிரிட்டன் நாட்டையே ஒரு பொம்பளையா காட்டுத உருவம்) சிங்கமும் நிக்கும்லா, அந்தம்மா மூக்கு வழுவழுன்னு போச்சு, சிங்கத்துப் பிடரியும் மழுங்கிட்டு. ரிப்பன் அதவிட மோசம், பேன்சி ஸ்டோர் செவப்பு சாட்டின். ஒரிஜினல் மஞ்சள், ஓரம் ரெண்டும் கறுப்பு, நடுவுல மெல்லிசா ரெண்டு பச்சைக் கோடு.

22,000 கேட்டாரு, மூக்கக் காட்டிக் காட்டியே 15,000க்கு இறக்கினேன். பில் கேட்டா துண்டுச் சீட்டுல "வெள்ளி டாலர் 1"ன்னு எழுதுதாரு, மெடல்னு மாத்தி கையெழுத்தும் போட்டுக் குடுங்கன்னு நின்னுதான் வாங்கினேன். போறவங்க சாயங்காலம் போங்க, பகல்ல பாதி நேரம் ஷட்டர் இறங்கித்தான் இருக்கும், பைக்க மெயின் ரோட்டுலயே விட்டுருங்க.