டெபியன் மிரர்: பெயரை வைத்து வடிகட்டுவதா, அட்டவணையை வைத்தா?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் பொதிக் களஞ்சியத்துக்கு உள்ளூர் மிரர் (நகல்) வைப்பவர்களில் பலருக்கு முழுக் களஞ்சியமும் தேவைப்படாது. ஏஎம்டி64 கணினி வகை போதும், மூல நிரல் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே வருவார்கள். அந்தக் கழித்தலைச் செய்யும் விதத்தில்தான் ஆர்சிங்க் என்ற பொதுவான கோப்பு நகலெடுக்கும் கருவியும், டெபியன் மிரருக்கென்றே உள்ள டெப்மிரரும் வேறுபடுகின்றன.

ஆர்சிங்க்கின் வடிகட்டி கோப்பின் பெயரையும் பாதையையும் மட்டுமே பார்க்கிறது. விதிகளை மேலிருந்து வாசித்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். ஆகவே வரிசைதான் உயிர். ‘ஏஎம்டி64 கோப்புகளைச் சேர், மற்றதையெல்லாம் விலக்கு’ என்று இரண்டே விதிகள் எழுதினால், பொதிக் கோப்புகள் இருக்கும் ‘பூல்’ கோப்புறையிலிருந்து ஒன்றும் இறங்காது. பூல் கோப்புறையே விலக்கப்பட்டுவிடுவதால் ஆர்சிங்க் அதற்குள் நுழைவதே இல்லை. எல்லாக் கோப்புறைகளையும் சேர்க்கும் ‘*/’ விதி முன்னால் வர வேண்டும். எல்லா வகைக் கணினிக்கும் பொதுவான ‘_ஆல்’ பொதிகளையும் சேர்க்க வேண்டும். அவை இல்லாத மிரரை வைத்து எதையும் ஒழுங்காக நிறுவ முடியாது. பின்னாளில் ஐ386 (32-பிட்) வகை வேண்டாம் என்று விலக்கினாலும், முன்பே இறங்கிய கோப்புகள், மூலத்தில் இல்லாததை அழிக்கும் ‘டிலீட்’ விருப்பத்துக்குத் தப்பி டிஸ்க்கிலேயே கிடக்கும். அவற்றை அகற்ற ‘டிலீட்-எக்ஸ்க்ளூடட்’ என்று தனியே சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளலாம். ஆனால் பூலில் ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள் ஆகிய வெளியீடுகளின் கோப்புகள் கலந்தே கிடக்கின்றன. ஸ்டேபிளை மட்டும் பெயரை வைத்துப் பிரித்தெடுக்க நம்பகமான வழியே கிடையாது.

டெப்மிரர், ஒரு வெளியீட்டில் உள்ள பொதிகளைப் பட்டியலிடும் பேக்கேஜஸ் அட்டவணையை வாசித்து, கேட்ட வெளியீட்டுக்கு உரியதை மட்டும் இறக்குகிறது. அதன் வடிகட்டி ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது பெயரில் ஓர் எழுத்து வடிவத்தைத் தேடும் முறை. வரிசைக்கு இங்கே வேலையில்லை, ‘சேர்’ என்னும் இன்க்ளூட் விதி எப்போதும் வெல்லும். எங்கே பொருந்தினாலும் பொருத்தம்தான் என்பதால் ஆவணங்களைத் தவிர்க்க ‘டாக்’ என்று எழுதினால் டாக்கர் என்ற வேறு மென்பொருளும் சேர்ந்து போய்விடும். ‘-டாக்_’ என்று இறுக்கி எழுத வேண்டும்.

இரண்டிலும் ஓர் ஆபத்து பொது. அட்டவணை கையொப்பத்தால் காக்கப்பட்டது. நாம் அதைத் திருத்த முடியாது. கோப்பை விலக்கினாலும் அட்டவணை அது இருப்பதாகவே சொல்லும், பொதிகளை நிறுவும் ஏப்ட் கருவி கேட்கும்போது 404 (கோப்பு இல்லை) பிழை வரும். அதனால் கணினி வகை, வெளியீடு, பிரிவு (மெயின் போன்றவை) என்று தனி அட்டவணை உள்ள எல்லைகளிலேயே வெட்டுங்கள். தனித்தனிப் பெயர்களை விலக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணையக் கோப்புகளை இறக்கும் வீகெட்டை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். ஓரிரு வெளியீடுகள் போதுமென்றால் டெப்மிரர். எல்லா வெளியீடுகளும் வேண்டும், சில கணினி வகைகள் மட்டும் வேண்டாமென்றால் ஆர்சிங்க். அதையும் நேரடியாக இயக்காமல், டெபியன் தரும் எஃப்டிபிசிங்க் என்ற ஸ்கிரிப்ட் வழியாக இயக்குங்கள். அது பூலை முதலில் இறக்கி, அட்டவணைகளை அதன் பிறகே மாற்றுகிறது.