கைபேசியில் பதினொரு கோப்பு: வேர்டா, டாக்ஸா, டபிள்யூபிஎஸ்ஸா?

எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு மலர் போடலாம் என்று முடிவானபோது கட்டுரைகளைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. லேப்டாப் பழுதாகிக் கிடந்த நேரம். வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தவை பதினொன்று: வேர்ட் கோப்பு ஐந்து, பிடிஎஃப் மூன்று, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு இரண்டு, நோட்டுத்தாளில் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பிய கவிதை ஒன்று. ஃபோனையும் ஒரு ப்ளூடூத் கீபோர்டையும் வைத்துக்கொண்டு இவற்றோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் வேர்ட். திரை 10.1 அங்குலத்துக்கு மேற்படாத வரை மைக்ரோசாஃப்ட் வேர்ட் செயலியில் சாதாரணத் திருத்தங்களுக்குக் காசு கிடையாது. இலவசக் கணக்கு ஒன்று போதும். வந்த கோப்பு வந்த வடிவிலேயே இருக்கும் என்பதுதான் இதன் பலம். வேர்ட் கோப்பின் வடிவமான டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே எழுத்து ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாகவும், ஸ்டைல், படம் எல்லாம் தனித்தனியாகவும் கிடக்கும். பொட்டலம் கட்டியவரே பிரித்தால் சிந்துவது குறைவு. அடிக்குறிப்பும் அட்டவணையும் இருந்த ஒரு கட்டுரையை மூன்று செயலியிலும் திறந்து பார்த்தேன். அட்டவணை கோணாமல் நின்றது வேர்டில்தான்.

இணைப்பதில்தான் வேர்ட் கையை விரிக்கிறது. கணினியில் இன்சர்ட் பட்டியலுக்குள் போனால் இன்னொரு கோப்பின் எழுத்து முழுவதையும் இழுத்து வரலாம். ஃபோனில் அதைக் காணோம். ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, ஒட்ட வேண்டும். மூன்றாவது கோப்பை ஒட்டும்போது தலைப்பின் அளவு ஒரு மாதிரியும் உடலின் அளவு வேறு மாதிரியும் ஆகிவிட்டது. பொறுமைக்கு வைத்த பரீட்சை.

கூகுள் டாக்ஸ் வேறு ரகம். வேர்ட் கோப்புகளை ஃபோனில் திருத்தும் செயலியைச் செய்த குவிக்ஆஃபீஸ் நிறுவனத்தைக் கூகுள் 2012-இல் வாங்கி, அந்தத் திறமையைத் தன் செயலிகளுக்குள் கொண்டுவந்தது. அதனால் இன்று டாக்எக்ஸை மாற்றாமலே டாக்ஸில் திருத்தலாம். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கோப்பை டாக்ஸ் வடிவத்துக்கு மாற்றி, திருத்தி, மறுபடியும் டாக்எக்ஸாக இறக்குவார்கள். போகும்போது ஒரு தேய்மானம், வரும்போது ஒரு தேய்மானம். மாற்றுவதென்றால் ஒரே தடவை மாற்றுங்கள், அப்புறம் அங்கேயே இருந்துவிடுங்கள்.

நான் அப்படித்தான் இருந்தேன். காரணம் ஆட்கள். இரண்டு ஆசிரியர்கள், ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர், துபாயில் இருக்கும் ஒரு தம்பி என எல்லோரும் ஒரே கோப்பைப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். 'மலர் ஃபைனல் 3', 'மலர் ஃபைனல் 3 புதுசு' என்று வாட்ஸ்அப்பில் கோப்புகள் குட்டி போடுவதை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மீரா இனிமை, முக்தா மலர் மாதிரி தமிழ் எழுத்துருக்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் கணினியில் லதா எழுத்துருவில் அடித்த நாலு பக்கக் கட்டுரை டாக்ஸுக்குள் வந்ததும் வேறு எழுத்துரு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வரி மடங்கும் இடம் மாறி, ஐந்தாம் பக்கத்தில் இரண்டு வரி தனியாகத் தொங்கியது.

டபிள்யூபிஎஸ், சீனாவின் கிங்சாஃப்ட் தயாரிப்பு. வேர்ட், எக்ஸெல், பிடிஎஃப் எல்லாம் ஒரே கூரைக்குள். நகலெடுத்து ஒட்டுவதற்கு இதுதான் வேகம், திறந்த கோப்புகளுக்கு இடையே சட்டென்று தாவலாம். ஆனால் விளம்பரம்! கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே மொய் நோட்டை நீட்டுகிற மாதிரி வந்து நிற்கிறது. இணைப்பது, பிடிஎஃப்பை வேர்டாக்குவது போன்ற ருசியான கருவிகளுக்குக் கட்டணம். மாதக் கணக்கில் இந்த வேலை இருப்பவருக்குக் கட்டுப்படியாகும், எனக்கு ஆகவில்லை.

லிப்ரேஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளை அடித்தளமாகக் கொண்ட கொலாபரா ஆஃபீஸும் ஃபோனுக்கு உண்டு. விளம்பரமில்லை, கணக்குக் கேட்காது, இணையமில்லாமல் ஓடும். யாராவது லிப்ரேஆஃபீஸின் ஓடிடி (.odt) கோப்பு அனுப்பினால் இதைத்தான் திறப்பேன். விரல் பருமனுக்குப் பட்டன்கள் கொஞ்சம் நெருக்கம்.

சரி, உண்மையான தலைவலிக்கு வருவோம். பிடிஎஃப்பில் பத்தி, வாக்கியம் என்று பொதுவாக எதுவும் இருக்காது. இந்த வடிவத்தை இந்த இடத்தில் வை என்ற கட்டளைகள்தான் இருக்கும். ஆங்கிலத்துக்கு அதை வைத்துச் சமாளித்துவிடலாம். தமிழில் 'கொ' என்பது தாளில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. பிடிஎஃப்பிலிருந்து வேர்டாக மாற்றும் கருவி அதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அள்ளிவந்தால், கொம்பு முந்தின எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். டி, மு போன்றவை ஒவ்வொன்றும் துண்டாகப் பிரியாத தனி வடிவமாக இருப்பதால் சில கோப்புகளில் காணாமலே போகும், அல்லது கட்டமாகும். முதல் பிடிஎஃப்பை ஓர் இணையக் கருவியில் மாற்றிப் பார்த்தேன். மூன்று பக்கத்தில் உருப்படியாக வந்தது ஆண்டுகளும் கமாக்களும்தான்.

அதைவிட, பிடிஎஃப்பைப் படமாகவே பாவித்து எழுத்தைப் படிக்க வைப்பது மேல். கூகுள் டிரைவில் ஏற்றி, 'டாக்ஸில் திற' என்று சொன்னால் தமிழைப் படித்து எழுத்தாக்கித் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. டிரைவ் செயலியில் இந்த வசதி இல்லை என்பதால், குரோமில் 'டெஸ்க்டாப் தளம்' என்று மாற்றிக்கொண்டு போக வேண்டும். நோட்டுத்தாள் கவிதைக்குக் கூகுள் லென்ஸைக் காட்டினேன், கையெழுத்து தோற்கடித்துவிட்டது. பன்னிரண்டு வரிதானே என்று கையாலேயே அடித்தேன்.

பாமினி கோப்புகள் இரண்டும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் போர்த்திய எழுத்துரு. அது இல்லாத ஃபோனில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். எந்த ஆஃபீஸ் செயலியும் இதற்கு மருந்தல்ல. பாமினியை, இன்றைய ஃபோன்கள் படிக்கும் யூனிகோட் முறைக்கு மாற்றும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன, ஒட்டினால் நொடியில் மாறும். ஒரு கண்ணி மட்டும் உண்டு: கட்டுரைக்குள் நிஜமாகவே இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். மின்னஞ்சல் முகவரி ஒன்று என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

எழுத்து முழுக்கத் தேறியதும் ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனி பிடிஎஃப்பாக்கி, கடைசியில் அவற்றை இணைத்தேன். வேர்ட் நிலையில் இணைத்தால் ஸ்டைல்கள் ஒன்றோடொன்று சண்டை போடும், பிடிஎஃப் நிலையில் பக்கங்கள் அமைதியாக வரிசையில் நிற்கும். ஐஃபோனின் ஃபைல்ஸ் செயலியில் பல கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒரே பிடிஎஃப்பாக்கும் வசதி கூடவே வருகிறது, அதனால் அக்காவின் ஃபோனைக் கடன் வாங்கினேன். ஆண்ட்ராய்டில் ஐலவ்பிடிஎஃப் போன்ற தளங்கள் உண்டு. கோப்பு அவர்கள் சர்வருக்குப் போகிறது. மலருக்குப் பரவாயில்லை, ஆதார் நகலையோ பத்திரத்தையோ அங்கே ஏற்ற மாட்டேன். ஒவ்வொரு கட்டுரையிலும் பக்க எண் 1 என்றே தொடங்கும் என்பதால் எண்களை முன்பே எடுத்துவிட வேண்டும். நான் மறந்தேன், மறுபடியும் பதினொன்றையும் ஏற்றுமதி செய்தேன்.

அச்சகத்துக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை அங்கிருந்து ஃபோன்: "சார், யூனிகோட் எங்க பேஜ்மேக்கர்ல வராது. இதையே பாமினியில குடுக்க முடியுமா?"