பேஸ் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு பில் லாஸ்வெல் செய்த ஆல்பம்

முதலில் ஒன்று, லாஸ்வெல்லின் 'பாந்தலாஸா' ஆல்பத்தை போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். யாரோ பக்கத்து அறையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது, இதற்கா இத்தனை பேச்சு என்று பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்து நல்ல ஹெட்போனில் போட்டபோதுதான் அடியில் இன்னொரு ஆல்பமே ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. சின்ன ஸ்பீக்கரில் பேஸ், அதாவது அடித்தளத்துக் கனத்த ஒலி, கேட்காது, இந்த ஆல்பத்தில் பாதி சங்கதி அங்கேதான்.

1998-இல் வந்தது. ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1969 முதல் 1974 வரை பதிவு செய்த ஒலிநாடாக்களைத் திறந்து, லாஸ்வெல் கலைத்துப்போட்டு மறுபடி கட்டியது. நான்கு தடங்கள், மொத்தம் ஒரு மணி நேரம். வேடிக்கை என்னவென்றால் லாஸ்வெல் அடிப்படையில் பேஸ் கிட்டார்காரர், இதில் அவர் வாசிக்கவில்லை. கேட்கிற பேஸ் டேவ் ஹாலண்டுடையது, மைக்கேல் ஹெண்டர்சனுடையது. ஆனால் அந்த ஆள் யார் என்று தெரிந்தவர்களுக்கு இது அவருடைய ஆல்பம்தான் என்று முதல் இரண்டு நிமிடத்திலேயே புரிந்துவிடும்.

யார் அந்த ஆள்? 1955-இல் இல்லினாயில் பிறந்து, எழுபதுகளின் கடைசியில் நியூயார்க் வந்து 'மெட்டீரியல்' என்ற குழுவை நடத்தியவர். 1983-இல் ஹெர்பி ஹான்காக்குக்கு 'ராக்கிட்' செய்துகொடுத்தார்கள். ஜாஸ் பியானோக்காரரின் பாட்டில் டிஜே இசைத்தட்டைத் தேய்க்கும் சத்தம், அதற்கு கிராமி விருது வேறு. 1986-இல் ஒரு பக்கம் ஹெவி மெட்டல் குழு மோட்டார்ஹெட்டின் ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர், இன்னொரு பக்கம் 'பப்ளிக் இமேஜ் லிமிடெட்' குழுவின் ஆல்பத்தில் பங்க் பாடகர் ஜான் லைடனுக்குப் பின்னால் ஜாஸ் டிரம்மர் டோனி வில்லியம்ஸைக் கொண்டுவந்து உட்கார வைத்தவர். அப்புறம் சாகிர் உசேனோடு 'தபலா பீட் சயின்ஸ்' குழு. கடையில் இவருடைய தட்டுகளை எந்த அலமாரியில் அடுக்குவது என்று விற்பவருக்கே குழப்பம் வரும்.

அந்த ஹான்காக்கும் டோனி வில்லியம்ஸும் 1969-இல் மைல்ஸின் 'இன் எ சைலன்ட் வே' ஆல்பப் பதிவில் இருந்தவர்கள். அதாவது லாஸ்வெல் இந்த நாடாக்களைத் தொடும்போது அதில் இருக்கும் கைகள் சில அவருக்கு ஏற்கெனவே பழக்கம். டோனி 1997-இல் காலமாகிவிட்டார். அந்தப் பதிவிலிருந்து கட்டிய முதல் தடத்தில் அவர் ஹை-ஹாட்டை (டிரம்மோடு இருக்கும் இரட்டைத் தாளத்தட்டு) மூடியபடியே சலிக்காமல் தட்டிக்கொண்டு போகிறாரே, அதைக் கேட்கும்போது இந்த விஷயமும் கூடவே வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மைல்ஸ் ஆல்பங்களே வெட்டி ஒட்டியவைதான். தயாரிப்பாளர் டியோ மசீரோ பிளேடால் நாடாவை நறுக்கி, ஆரம்பத்தில் வந்த பகுதியையே கடைசியிலும் ஒட்டி வைத்தவர். அதனால் "புனிதமான மூலத்தில் கைவைத்துவிட்டார்" என்று கோபப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, கேட்க எப்படி? இரண்டாம் தடம்தான் என் காதுக்கு உச்சம். அதில் இருக்கும் 'பிளாக் சாட்டின்' 1972-இல் மைல்ஸின் 'ஆன் தி கார்னர்' ஆல்பத்தில் வந்தபோது எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும், பாதல் ராயின் தபலா இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். இங்கே தபலாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது, விரல் தோலில் பட்டுத் தெறிப்பது வரை காதில் விழுகிறது. பேஸ் அதற்குக் கீழே பாய் விரித்த மாதிரி படுத்திருக்கிறது. பேஸையும் எதிரொலியையும் முன்னே கொண்டுவரும் ஜமைக்காவின் டப் இசையில் ஊறியவரின் வேலை இது. லாஸ்வெல் தானே வாசிக்கும்போதும் இப்படித்தான், நாலே சுரம், ஒவ்வொன்றையும் நீளமாக விட்டு, நடுவில் காற்றுப் போக வழி வைப்பார். மிக்ஸிங் மேசையிலும் அதே கை.

மூன்றாவது தடம் முரட்டுத்தனம், சத்தமாக வைத்தால்தான் ருசி.

எனக்குக் குறை நாலாவதில். 'ஹி லவ்டு ஹிம் மேட்லி' 1974-இல் ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் இறந்ததும் மைல்ஸ் செய்த அஞ்சலி, மூலத்தில் 32 நிமிடம். இழவு வீட்டில் நேரம் எப்படி நகராமல் கிடக்குமோ அப்படி நகரும், தாளம் ஒழுங்காகப் பிடிக்கவே பத்து நிமிடம் ஆகும். லாஸ்வெல் அதைப் பதின்மூன்று சொச்சத்துக்குச் சுருக்கிவிட்டார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் காத்திருப்புதான் அந்தப் பாட்டே. அதோடு நாலு தடத்துக்கும் ஒரே மாதிரி எதிரொலியும் பளபளப்பும் பூசியதில், 'ஆன் தி கார்னர்' ஆல்பத்தில் இருந்த தெருப்புழுதி கொஞ்சம் துடைக்கப்பட்டுவிட்டது. இது லாஸ்வெல்லின் பழைய வியாதி, நூற்றுக்கணக்கில் தட்டு போட்டவர், அதில் ஒரே இருட்டறையில் ஒரே மூட்டத்தோடு பதிவானது போலத் தோன்றும் ஆல்பங்கள் கணிசம்.

மைல்ஸின் மின்னிசைக் காலம் பிடிபடாதவர்கள் இதில் தொடங்கலாம். அந்த மூலங்கள் மனப்பாடமாக இருப்பவர்கள் இரண்டாம் தடத்தைப் போட்டுவிட்டு, நாலாவது வரும்போது இதை நிறுத்தி, பழைய 32 நிமிடத்துக்கே போய்விடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.