இருவர் ஓட்டும் படகுக்கு எந்த ஸ்பின்னேக்கர்?

திருப்பூரிலிருந்து கொச்சிக்குப் போய்ப் படகோட்டும் நானும் என் தம்பியும், பின்காற்றில் விரிக்கும் ஸ்பின்னேக்கர் பாயில் கம்பு பூட்டும் சமச்சீர் வகையா, படகின் முன்முனையான அணியத்தில் கட்டும் சமச்சீரற்ற வகையா என்று நெடுநாள் பேசி, சென்ற ஆண்டு இரண்டாவதை வாங்கினோம். இரண்டும் மெல்லிய நைலான்தான்.

சமச்சீர்ப் பாய்க்கு ஒரு பெருமை உண்டு. காற்று நேர் பின்னாலிருந்து வீசினாலும் அது நிறைந்து நிற்கும். மற்றதோ பெரும்பாயின் மறைவில் துவண்டுவிடுவதால், காற்றைச் சற்றுப் பக்கவாட்டில் வாங்கி வளைந்து போக வேண்டியிருக்கிறது. தூரம் கூடுவது உண்மையே.

ஆனாலும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது பாயை இறக்கும் வேலைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றில் வளர்ந்த எங்களுக்கே பின்காற்றில் கணக்குத் தவறுகிறது. 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) காற்றில் 6 நாட் வேகத்தில் அதன் போக்கிலேயே ஓடும்போது 9 நாட் மட்டுமே உடலில் படுவதால், காற்று வலுத்துவிட்டதைத் தாமதமாகவே உணர்கிறோம். அந்த நேரத்தில் தம்பி சுக்கானைப் பிடித்து, பாயைப் பெரும்பாயின் மறைவுக்குள் வரச்செய்து அதன் கயிற்றைத் தளர்த்த, நான் முன்தளத்தில் அமர்ந்து, பாயை மூடும் துணிக்குழாயான உறையின் கயிற்றை இழுக்கிறேன். உறையின் வாயகன்ற வளையம் மேலிருந்து இறங்கிப் பாயை அந்த நீண்ட குழாய்க்குள் ஒடுக்கிவிடுகிறது.

சமச்சீர்ப் பாய்க்கும் உறை போடலாம். ஆனால் கம்பைத் தூக்கிப் பிடிக்கும் கயிறு, கீழே இழுக்கும் கயிறு, அதன் முனையைப் பின்னுக்கு வலிக்கும் கயிறு எல்லாவற்றையும் அதே நான்கு கைகளே பார்க்க வேண்டும். காற்றை மறுபக்கம் வாங்கத் திரும்பும்போது, ஆடும் தளத்தில் நின்று கம்பைக் கழற்றி மறுபுறம் பூட்டுவதும் ஒருவர் வேலையாகிவிடும். எங்கள் பாயை உறைக்குள் ஒடுக்கி, படகைத் திருப்பி, மறுபக்கக் கயிற்றை இழுத்து மீண்டும் விரித்தால் போதும்.

எங்கள் அனுபவம் 26 அடிப் படகில், மிதமான காற்றில் பெற்றது. பெரிய படகுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று உறுதி கூறமாட்டேன். உறையிலும் குறை உண்டு: அதன் கயிறு பாயோடு முறுக்கிக்கொண்டால் நடுக்கடலில் எதுவும் அசையாது. ஆகவே ஒவ்வொரு முறையும் பாயை வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்புப்போக நன்னீரில் அலசி, தறிக்கூடத்தின் நிழலில் முழு நீளத்துக்கு உலர்த்துகிறோம். ஈரத்தோடு சுருட்டினால் அடர்நிறச் சாயம் வெளிர்நிறப் பட்டையில் இறங்கிவிடும் என்பதை எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலர்ந்தபின் முறுக்கெடுத்து உறைக்குள் செலுத்துவதையும் அங்கேயே முடித்துவிடுகிறோம்.