ஒட்டகச்சிவிங்கி சொன்ன உயரம்: பிள்ளைகளோடு தீம் பார்க் போகிறவர்கள் கவனத்துக்கு

பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நேரம். எந்த பார்க்குக்குப் போகலாம் என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பித்திருக்கும். அதற்கு முன்னால் போன வருஷம் மே மாதம் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள். பார்க்கின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் முழுசாக முடியவில்லை. அதுவும் போக, இது அந்த ஒரு இடத்தில் மட்டும் நடக்கிற விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் ஐந்து பேர். நான், என் கணவர், அத்தை, ஐந்தாம் வகுப்பு முடித்த பெரியவள், இரண்டரை வயது சின்னவன். டிக்கெட்டை இணையத்தில் எடுத்தோம். பெரியவர்களுக்கு 1,190 ரூபாய், குழந்தைக்கு 950, அறுபது வயது தாண்டியவர்களுக்கு 890. குழந்தை என்றால் வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. 90 செ.மீ.க்குக் கீழே இலவசம், 90 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் போனால் முழு டிக்கெட். எங்கள் வீட்டில் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிற பழக்கம் உண்டு. சித்திரை ஒன்றாம் தேதி போட்ட கோட்டின்படி பெரியவள் 138, சின்னவன் 88. சந்தேகத்துக்கே இடமில்லை என்று நினைத்தேன்.

4,220 ரூபாய் என்று காட்டிய தொகை கடைசிப் பக்கத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி, டிக்கெட்டுக்கு 40 ரூபாய் கன்வீனியன்ஸ் கட்டணம் எல்லாம் சேர்ந்து 5,139 ரூபாய் 60 பைசா ஆனது. தலைக்கு 299 ரூபாய் மதியச் சாப்பாட்டுக் கூப்பனும் நாங்கள் கேட்காமலேயே டிக் ஆகியிருந்தது. அந்த டிக்கை நீக்கினோம். ஒரு திருத்தத்துக்காகப் பின்னால் போய் வந்தால் மறுபடி டிக் ஆகி நின்றது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த இரண்டு வித்தையும் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டிருக்கின்றன: விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது, கூடையில் தெரியாமல் பொருளைப் போடுவது. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. பணத்தைக் கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வாசலில் நின்றோம். நுழைவுச் சுவரில் சிரித்துக்கொண்டு ஒரு ஒட்டகச்சிவிங்கி, பெயிண்டில் வரைந்தது. அதன் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, 140. முன்னங்காலில் பச்சையாக ஒரு கோடு, 90. பெரியவள் போய் நின்றாள். தலை சிவப்புக் கோட்டை இரண்டு விரல் தாண்டியது. ஷூவைக் கழற்றச் சொன்னேன். கழற்றினாலும் தாண்டியது. சின்னவனை நிறுத்தினார்கள். அவனும் பச்சைக் கோட்டைத் தாண்டிவிட்டான்.

"மேடம், பாப்பா அடல்ட். தம்பி சைல்ட்."

வீட்டில் அளந்ததைச் சொன்னேன். ஆதார் அட்டையைக் காட்டினேன். "வயசு பார்க்க மாட்டோம் மேடம், ஹைட்தான்" என்றார் வாசலில் உயரம் பார்த்த பெண். பின்னால் நாற்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள். யாரோ "சீக்கிரம் முடிங்கம்மா" என்றார்கள். என் கணவருக்கு வாசலில் நின்று சண்டை போடுவது என்றாலே உயிர் போய்விடும். கவுன்டரில் இருந்தவர் அப்போது கொஞ்சம் குனிந்து, ரகசியம் போல ஒரு வழி சொன்னார். "ஒண்ணு பண்ணுங்க சார். பாப்பாவுக்கு எடுத்த சைல்ட் டிக்கெட்ட தம்பிக்கு வச்சுக்குங்க. பாப்பாவுக்கு மட்டும் ஒரு அடல்ட் எடுங்க. ரூல்படி மாத்தக் கூடாது. உங்களுக்காகப் பண்றேன்."

நேரில் எடுத்தால் முழு டிக்கெட் 1,350. வரியோடு 1,593. அதைக் கொடுத்துவிட்டு, கேளுங்கள் இந்தக் கூத்தை, அவருக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தோம்.

உள்ளே நடந்த மற்றதையெல்லாம் விரிவாக எழுதப் போவதில்லை. இணையதளத்தில் பெரிய படமாகப் போட்டிருந்த மூன்று ரைடுகளில் 'மெயின்டனன்ஸ்' போர்டு தொங்கியது. தண்ணீர் பாட்டிலில் எம்ஆர்பி 20 என்று அச்சிட்டிருக்க 40 வாங்கினார்கள். கேட்டால் கூலிங் சார்ஜாம், பில் கிடையாதாம். பருத்தித் துணியோடு குளத்தில் இறங்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது, நூல் பிசிறு ஃபில்டரை அடைத்துவிடும். ஆனால் அதை டிக்கெட் பக்கத்தில் சொல்லியிருந்தால் வீட்டிலிருந்தே நைலான் உடை எடுத்து வந்திருப்போமே? உள்ளே ஒரு செட் 450 ரூபாய். அத்தை புடவையைக் கழற்ற மாட்டேன் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். 890 ரூபாய் கொடுத்து வேப்பமர நிழல்.

மதியம் பெரியவள் காலையிலிருந்து காத்திருந்த ரோலர் கோஸ்டருக்கு வந்தோம். முக்கால் மணி நேர வரிசை. ரைடு வாசலில் ஒட்டகச்சிவிங்கி இல்லை, இரும்புக் கம்பி. 140 உயரத்தில் குறுக்கே ஒரு சட்டம். அதற்கு மேல் உயரம் இருந்தால்தான் ஏற முடியும். இவள் செருப்பில்லாமல் நடந்தாள். குனியவே இல்லை. தலைமுடி மட்டும் லேசாக உரச, அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"பாப்பா ஹைட் பத்தாது மேடம். கிட்ஸ் ஜோனுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"கேட்ல அடல்ட்னு சொன்னாங்களே?"

"அது டிக்கெட்டுக்கு மேடம். இது ரைடுக்கு."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

ரைடு வாசலில் நின்று இதைச் சொன்ன பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் செய்தது சரி. இடுப்புக்கு மேல் வந்து பூட்டிக்கொள்கிற கம்பி ஒரு குறிப்பிட்ட உடம்பு அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். சின்ன உடம்பென்றால் கம்பிக்கும் தொடைக்கும் நடுவே இடைவெளி விழும், வண்டி வளைகிற வேகத்தில் பிள்ளை நழுவிவிடும். "ஒரு இன்ச்தானே தம்பி, விட்டுடு" என்று அங்கே கெஞ்சாதீர்கள். 2024 மே மாதம் ராஜ்கோட்டில் ஒரு கேம் ஜோன் தீப்பிடித்து எரிந்ததே, அன்றைக்கு அங்கே 99 ரூபாய் சலுகை டிக்கெட். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே நடந்துகொண்டிருந்த இடம். இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். பாதுகாப்பு விதியைக் கறாராகப் பார்க்கிற ஆளைப் பார்த்தால் எனக்கு நிம்மதிதான். எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. ஒரே பிள்ளை, ஒரே நாள், ஒரே பார்க். பணம் வாங்கும்போது 140க்கு மேல், ரைடு கேட்கும்போது 140க்குக் கீழ். அதெப்படி?

சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பும்போது வாசலில் கூட்டம் இல்லை. நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். கைப்பையில் சாவி இல்லாமல் இருந்தாலும் இன்ச் டேப் இல்லாமல் இருக்காது. காலையிலேயே ஏன் அளக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்த அவசரத்தில் ஞாபகமே வரவில்லை, அவ்வளவுதான். டேப்பின் பித்தளை முனையைத் தரையில் வைத்துக் கட்டை விரலால் மிதித்துக்கொண்டேன். மேல் முனையைப் பெரியவள் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். சிவப்புக் கோடு ஐம்பத்து மூன்றரை இன்ச்சில் நின்றது. திருப்பிப் பார்த்தால் சென்டிமீட்டர் பக்கத்தில் 136. பச்சைக் கோடு 86. இரண்டும் சரியாக நாலு சென்டிமீட்டர் குறைவு.

காவலுக்கு நின்ற பெரியவர் பக்கத்தில் வந்து பார்த்தார். "போன வருஷம்தாம்மா பழைய தரை மேலயே டைல்ஸ் ஒட்டினாங்க" என்றார். விஷயம் விளங்கிவிட்டது. சிமென்ட் கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை நாலு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, கோடு பழைய இடத்திலேயே நிற்கிறது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், தரை நாலு சென்டிமீட்டர் இறங்கி, அவர்களுக்கு நஷ்டம் வந்திருந்தால், ஒரு வாரத்தில் பெயிண்டரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்களா?

ஒரு நாளைக்கு இந்த நாலு சென்டிமீட்டருக்குள் எத்தனை பிள்ளைகள் வரும்? அரசுப் பேருந்தில் அரை டிக்கெட்டுக்கு வயதுதான் கணக்கு, ஐந்து முதல் பன்னிரண்டு. அதற்கு ஆதார் இருக்கிறது. உயரத்துக்கு எந்த அட்டையும் இல்லை, அளவுகோல் அவர்கள் கையில். தெருமுனைக் காய்கறிக் கடைத் தராசுக்குக் கூட முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரை வைக்கிறார். ஆயிரக்கணக்கில் பணம் வசூலிக்கிற ஒட்டகச்சிவிங்கிக்கு முத்திரை கிடையாது.

என் பெரியப்பா மகன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார், வருஷம் முழுக்க பார்க் சவாரிதான். அவரிடம் சொன்னபோது ஆச்சரியமே படவில்லை. "ஸ்கூல் ட்ரிப் வர்ற நாள்ல அளக்கவே மாட்டாங்கம்மா, அது மொத்த ரேட்டு, தலைக்கு இவ்வளவுன்னு பேசி முடிச்சிருப்பாங்க. ஐப்பசி மழையில ஈ ஓட்டுவாங்க. கரன்ட் பில், சம்பளம், பம்பு எல்லாம் அப்பவும் ஓடும். ஏப்ரல் மே, பொங்கல், ஆயுத பூஜை லீவு, இந்தக் கொஞ்ச நாள்ல வர்ற குடும்பத்துக்கிட்டதான் வருஷத்துக் காசை எடுக்கணும்" என்றார். அந்தத் தொழிலின் கஷ்டம் எனக்கும் புரிகிறது. 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா பார்க் திறந்த பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனார்கள், இலையில் மடித்த புளிசாதத்தோடு. விஜிபி பார்க்கில் சிலை மாதிரி அசையாமல் நிற்கிற மனிதரைச் சிரிக்க வைக்க அரை மணி நேரம் கோமாளித்தனம் செய்து தோற்றவர்களில் நானும் ஒருத்தி. இந்த மாதிரி இடங்கள் நன்றாக ஓட வேண்டும் என்று நினைக்கிறவள்தான் நான்.

சரி, புகாருக்கு வருவோம். அன்றைக்கே உள்ளே 'விருந்தினர் சேவை' என்று எழுதிய மேசையில் கேட்டேன். 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்ற போர்டைக் காட்டினார்கள். அந்த போர்டைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் முப்பது நாளைக்குள் தர வேண்டும். திங்கட்கிழமை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். காசு எதுவும் இல்லை.

பத்து நாள் கழித்து பார்க்கிலிருந்து பதில்: உயரம் குறித்து நிர்வாகத்தின் முடிவே இறுதியானது. நான் மூன்று படங்களை அனுப்பினேன். சிவப்புக் கோட்டில் 136 காட்டும் டேப், அதே டேப்பின் கீழ் முனை டைல்ஸில், இரும்புக் கம்பிக்குக் கீழே நிற்கிற பெரியவள். அதற்கு எழுத்தில் பதிலே இல்லை. மூன்றாம் வாரம் 1,350 ரூபாய் மட்டும் கணக்கில் வந்து விழுந்தது. வரி 243 ரூபாய் எங்கே என்று கேட்டால் அது அரசாங்கத்துக்குப் போய்விட்டதாம். டிக்கெட்டே ரத்து என்றால் வரி எப்படி நிற்கும்? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. 243 ரூபாய்க்கா என்கிறார் என் கணவர். "அது ரெண்டு கிலோ நல்லெண்ணெய்க்குக் கூடக் காணாதுடி, விடு" என்கிறார் அத்தை. நான் இன்னும் விடவில்லை.

போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் பிள்ளையை வீட்டில் வெறுங்காலோடு அளந்து, டேப் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். இன்ச் டேப்பையும் எடுத்துப் போங்கள், கைக்குள் அடங்கிவிடும். வாசலில் கோட்டைத் தாண்டினால் முதலில் பிள்ளையை அளக்காதீர்கள், கோட்டை அளங்கள். வரிசையில் முனகுகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள், அடுத்து அவர்கள் பிள்ளையும் அங்கேதான் நிற்கப் போகிறது. "உங்களுக்காகப் பண்றேன்" என்று யாராவது சொன்னால் அந்த டிக்கெட்டின் பில்லைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கியிருந்ததால்தான் அந்த 1,350ஆவது வந்தது.

போன வாரம் வேன் ஓட்டுகிற அந்த அண்ணன் ஒரு குடும்பத்தை அதே பார்க்கில் இறக்கிவிட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒட்டகச்சிவிங்கிக்குப் புதுசாக மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், கண்ணுக்கு மை வேறு. சிவப்புக் கோட்டையும் பளிச்சென்று தீட்டியிருக்கிறார்கள். அதே இடத்தில்.